பாடப் புத்தகத்துக்கு முன்னால் வினாத்தாள்

இரண்டாம் மொழிக்கான பாடத்திட்டங்களைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "இப்பயிற்சியின் முடிவில் மாணவர் அன்றாடச் சூழல்களில் இயல்பாக உரையாடும் திறன் பெறுவார்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். இப்போது அதே குழுவிடம் கேட்டுப் பாருங்கள்: அந்தத் திறன் ஒரு மாணவருக்கு வந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அவரை என்ன செய்யச் சொல்வீர்கள்? எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பீர்கள்? ஒருவர், வழி கேட்டுப் புரிந்துகொள்வதை நினைத்திருப்பார். இன்னொருவர், தொலைபேசியில் ஒரு சிக்கலை விளக்குவதை நினைத்திருப்பார். மூன்றாமவர் எதிர்பார்ப்பது, படித்த செய்தியைப் பற்றி ஐந்து நிமிடம் விடாமல் பேசுவது. ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்டிய மூவரும் மூன்று வெவ்வேறு பயிற்சிகளை மனதில் வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

இது புத்தகம் அச்சாகி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வகுப்பும் தொடங்கிய பிறகு தெரிய வந்தால் யாராலும் எதையும் திருத்த முடியாது. முன்பே தெரிந்தால் ஒரு பிற்பகல் வாக்குவாதத்தில் தீர்ந்துவிடும். பாடம் எழுதுவதற்கு முன் தேர்வை எழுத வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். எப்படிச் சோதிப்பது என்று சொல்ல முடியாத நோக்கத்தை நாம் இன்னும் சரியாக யோசித்து முடிக்கவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் டீன் பிரவுன், மொழிப் பாடத்திட்டம் உருவாகும் முறையை 1995இல் ஒரு நூலாக எழுதினார். தேவை ஆய்வு, நோக்கங்கள், தேர்வு, பாடப்பொருள், கற்பித்தல் என்று அவர் வேலைகளை அடுக்குகிறார். மதிப்பாய்வு என்பது இவை ஐந்தையும் தொட்டுக்கொண்டே ஓடும். இந்த வரிசையில் தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நோக்கங்களுக்கு அடுத்து, பாடப்பொருளுக்கு முன்னால். நடைமுறையில் பல இடங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. புத்தகம் முதலில் வரும், ஆசிரியர் அதை நடத்துவார், பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது யாரோ ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி வினா எடுப்பார். அந்த வினாத்தாள் புத்தகத்தைச் சோதிக்குமே தவிர, மாணவரின் மொழியைச் சோதிக்காது.

தேர்வு என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் பாடத்திட்டத்துக்குள் அது செய்யும் வேலைகள் வேறு வேறு. வருகிறவரை எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்பது ஒரு முடிவு. வகுப்பில் உட்கார்ந்தவருக்கு எது வரும், எது வராது என்று பார்ப்பது குறையறி தேர்வு. கற்றுக்கொடுத்தது வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது அடைவுத் தேர்வு. எங்கே, எப்படிக் கற்றிருந்தாலும் சரி, இப்போது இவருடைய மொழித்திறன் மொத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கிளேசர் 1963இல் இதற்கு அடிப்படையான ஒரு வேறுபாட்டை எடுத்துவைத்தார். மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் தேர்வு ஒரு வகை. முன்கூட்டியே வகுத்த அளவுகோலோடு ஒவ்வொருவரையும் ஒப்பிடும் தேர்வு வேறு வகை. முதல் வகையில் மதிப்பெண்கள் 20 முதல் 95 வரை பரந்து கிடந்தால்தான் தேர்வு நன்றாக அமைந்தது என்று பொருள். இரண்டாம் வகையில் எல்லோரும் 90 எடுத்தாலும் அது தேர்வின் குறை ஆகாது. பாடம் வேலை செய்திருக்கிறது என்றே பொருள். இந்த வேறுபாடு புரியாமல், அடைவுத் தேர்வில் வகுப்பு முழுவதும் நன்றாக எழுதியதைப் பார்த்து "வினாத்தாள் ரொம்பச் சுலபம்" என்று சொல்லி அடுத்த முறை கடினமாக்கிவிடுகிறார்கள். அப்படிக் கடினமாக்க எளிய வழி, கற்றுக்கொடுக்காததைக் கேட்பது. அந்த நிமிடத்திலிருந்து தேர்வுக்கும் பாடத்திட்டத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது.

வகுப்பில் சேர்க்கும் தேர்விலும் இதே கதைதான். வெளியே கிடைக்கும் ஒரு பொதுத் தேர்வை வாங்கி வைத்து, 40க்குக் கீழே என்றால் தொடக்கநிலை, 40க்கு மேலே என்றால் இடைநிலை என்று பிரித்துவிடுவார்கள். அந்தத் தேர்வு எழுத்து மொழியை அளந்திருக்கும், இங்கே நடக்கும் பாடமோ பேச்சை மையமாகக் கொண்டிருக்கும். எழுதத் தெரிந்து வாய் திறக்காதவரும், சரளமாகப் பேசி எழுத்தே தெரியாதவரும் தவறான இடத்தில் போய் உட்காருவார்கள். அப்புறம் ஆசிரியர் படும் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

பாடம் தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும், அதே நோக்கங்களின் மேல் அதே மாதிரியான தேர்வை வைப்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மாணவருக்கு மதிப்பெண் போட இது தேவையில்லை. பாடத்திட்டத்துக்கு மதிப்பெண் போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் 30 பேர் கொண்ட ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு நோக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடிகாரம் பார்த்து நேரம் சொல்வதைத் தொடக்கத்திலேயே 27 பேர் சரியாகச் செய்கிறார்கள், முடிவில் 28 பேர். நேற்று என்ன செய்தோம் என்று இறந்தகாலத்தில் சொல்வதை முதலில் 3 பேர், கடைசியில் 25 பேர். வேறொருவருக்கான செய்தியைத் தொலைபேசியில் வாங்கி அவரிடம் சொல்வதை முதலில் 4 பேர், பிறகு 6 பேர். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்' போன்ற அமைப்புகளை முதலில் 15 பேர், பிறகு 9 பேர்.

முதல் நோக்கத்துக்கு இந்த வகுப்பில் இடமே தேவையில்லை. அதற்கு ஒதுக்கிய நேரத்தை வேறு எதற்காவது கொடுக்கலாம். இரண்டாவது நன்றாக நடந்திருக்கிறது, கைவைக்க வேண்டாம். மூன்றாவதில்தான் விசாரணை தொடங்குகிறது. செய்தி வாங்கிச் சொல்லும் உரையாடல் புத்தகத்தில் இருந்ததா? இருந்தும் அதைப் படிக்க மட்டும் வைத்தார்களா, மாணவர்கள் செய்து பார்த்தார்களா? தேர்வில் ஒலித்த குரல் மிக வேகமாகப் பேசியதா? அல்லது இந்த நிலை மாணவருக்கு இது எட்டாத வேலையா? ஒவ்வொரு விடைக்கும் திருத்த வேண்டிய இடம் வேறு. புத்தகத்தை மாற்ற வேண்டியிருக்கலாம், கற்பிக்கும் முறையை, வினாவை, அல்லது நோக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் வகுப்பு சுமாராக முன்னேறியது என்று சொல்லி மூடி வைத்திருப்போம்.

நான்காவது எண்ணைப் பார்த்துப் பதறத் தோன்றும். படித்த பிறகு எப்படிக் குறையும்? மொழி கற்பதில் இது நன்கு தெரிந்த நிகழ்வு. தொடக்கத்தில் மாணவர் 'எனக்குத் தெரியும்' என்பதை ஒரே துண்டாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார். பிறகு 'நான் வருகிறேன், நான் படிக்கிறேன்' என்ற விதி பிடிபடுகிறது. புதிதாகக் கிடைத்த விதியை எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்து 'நான் தெரிகிறேன்' என்கிறார். ஆங்கிலம் கற்கும் குழந்தைகள் 'வென்ட்' (went) என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு நடுவில் 'கோட்' (goed) என்று சொல்லத் தொடங்கி, பிறகு மீண்டும் 'வென்ட்'டுக்கு வருவதும் இதே வகைதான். இந்தத் தவறு மாணவர் முன்னே போகிறார் என்பதற்கு அடையாளம். ஆனால் தேர்வுத்தாள் அதைப் பின்னடைவாகத்தான் காட்டும். எண்ணைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டால், சரியாக நடந்த பாடத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது மொழியியலாளர் மான்ஃப்ரெட் பியனமன் 1984இல் வெளியிட்ட ஆய்வு. ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்த இத்தாலியக் குழந்தைகளுக்கு ஒரு வாக்கிய அமைப்பைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அதற்கு முந்தைய படிக்கு ஏற்கெனவே வந்திருந்த குழந்தைகளுக்குப் பாடம் பலித்தது. அந்தப் படிக்கு வராதவர்களுக்குப் பலிக்கவில்லை. ஆகவே ஒரு நோக்கம் தேர்வில் தோற்றால், அதை எந்த மாதத்தில் வைத்தோம் என்றும் கேட்க வேண்டும். நோக்கம் சரியாக இருந்து, வரிசை தவறாக இருக்கலாம்.

இதுவரை சொன்னது தேர்வு பாடத்திட்டத்துக்குக் கொடுக்கும் தகவல். இன்னொரு பக்கம் உண்டு. தேர்வு தன்னையறியாமல் பாடத்திட்டத்தை எழுதிவிடும். மாணவர்கள் முகவுரையைப் படிப்பதில்லை, பழைய வினாத்தாள்களைத்தான் படிக்கிறார்கள். தேர்வு வகுப்பறைக்குள் உண்டாக்கும் இந்தத் தாக்கத்தை மொழிக்கல்வியில் 'வாஷ்பேக்' என்று அழைக்கிறார்கள். தேர்வு மோசமானால் பாடமும் மோசமாகும், தேர்வைத் திருத்தினால் பாடமும் திருந்தும் என்று எல்லோரும் நெடுங்காலம் நம்பினார்கள். இது உண்மைதானா என்று சார்லஸ் ஆல்டர்சனும் டயேன் வாலும் 1993இல் நேராகவே கேள்வி எழுப்பினார்கள்.

அவர்கள் கையில் அதற்கு ஒரு நல்ல களம் இருந்தது. இலங்கையில் 1980களின் பிற்பகுதியில் சாதாரண தரம் எனப்படும் பள்ளிப் பொதுத்தேர்வின் ஆங்கிலத்துக்குப் புதிய பாடநூல்களும், அவற்றோடு சேர்த்துப் புதிய தேர்வும் வந்தன. புதிய தேர்வு புதிய கற்பித்தல் முறையை வகுப்புக்குள் கொண்டுவரும் என்பது எதிர்பார்ப்பு. ஆய்வாளர்கள் வகுப்புகளுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். தேர்வு, எதைக் கற்பிப்பது என்பதை மாற்றியிருந்தது. எப்படிக் கற்பிப்பது என்பதை மாற்றவில்லை. ஆசிரியர்கள் புதிய பகுதிகளைப் பழைய முறையிலேயே நடத்தினார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. புதிய அணுகுமுறை எதற்காக என்று அவர்களுக்குப் போதுமான அளவு விளக்கப்படவில்லை, அதற்கான பயிற்சியும் போதவில்லை. தேர்வால் தனியாக ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க முடியாது.

துருக்கியில் போவாசிச்சி பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு மாதிரி. அங்கே பட்டப் படிப்பே ஆங்கிலத்தில். அதற்கு முன் ஓராண்டு ஆங்கிலப் பயிற்சி உண்டு. அந்த ஆண்டின் முடிவில் வைக்கும் தேர்வை, முதலாண்டு மாணவர் உண்மையில் செய்ய வேண்டிய வேலைகளை ஆராய்ந்து புதிதாக அமைத்தார்கள். பாடநூல் பகுதியைப் படிப்பது, விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பது என்று தேர்வு அந்த வேலைகளைப் போலவே இருந்தது. ஆர்தர் ஹியூஸ் 1988இல் இதைப் பதிவு செய்தார். பயிற்சியின் பாடத்திட்டம் மாறியது, புதிய புத்தகங்கள் வந்தன, மாணவர்களின் ஆங்கிலமும் முன்பைவிட வெகுவாக உயர்ந்தது. இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: தேவை ஆய்வு, தேர்வு, பாடப்பொருள், ஆசிரியர் நால்வரும் கைகோத்து நகர்ந்த இடத்தில் தேர்வு நல்லது செய்தது. ஒரு கை விடுபட்ட இடத்தில் பாதி தூரம்தான் போக முடிந்தது.

ஒவ்வொரு தேர்வுக்குள்ளும் 'மொழி என்றால் இது' என்ற ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் 1913இல் முதன்முதலாக நடத்திய ஆங்கிலத் திறன் தேர்வு ஏறக்குறைய 12 மணி நேரம் நீடித்தது. மூன்று பேர் எழுதினார்கள், மூவரும் தேறவில்லை. மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கணம், ஒலியியல் எல்லாம் அதில் இருந்தன. ராபர்ட் லாடோ 1961இல் மொழித் தேர்வு பற்றி எழுதிய நூல், மொழியை ஒலி, சொல், இலக்கணம் என்று கூறுபோட்டு, கற்பவரின் தாய்மொழியிலிருந்து வேறுபடும் இடங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னது. வகுப்பறையில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததும் அதே மாதிரித் துண்டு துண்டான பயிற்சிகள்தான். அதே 1961இல் ஜான் கேரல், துண்டுகளைச் சேர்த்தால் மொழி ஆகிவிடாது, மொத்தமாகப் பயன்படுத்துவதையும் சோதிக்க வேண்டும் என்றார். மைக்கேல் கனேலும் மெரில் ஸ்வெயினும் 1980இல் இலக்கண அறிவோடு, சமூகச் சூழலுக்கு ஏற்பப் பேசுவதையும், சொல் வராதபோது சமாளிப்பதையும் மொழித்திறனின் பகுதிகளாக வைத்தார்கள். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'சாவி' என்ற சொல் நினைவுக்கு வராமல் 'கதவைத் திறக்கிற சின்ன இரும்பு' என்று ஒரு மாணவர் சொன்னால், சொல்லறிவுத் தேர்வு அவருக்குச் சுழியம் போடும். உரையாடல் தேர்வு அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். உங்கள் பாடத்திட்டம் இந்த இரண்டில் எதை விரும்புகிறது என்பதை நோக்கப் பட்டியலைவிட மதிப்பெண் விதிதான் தெளிவாகச் சொல்லும்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. நோக்கம் 'உரையாடல்' என்று எழுதியிருக்கும். பேச்சுத் தேர்வில் மாணவர் 'அவரு வந்துட்டிருக்காரு' என்கிறார். தேர்வாளர் 'வந்துகொண்டிருக்கிறார்' என்பதுதான் சரி என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பேச்சுத்தமிழைத் தமிழர் பேசுவதைப் போலவே பேசியதற்காக அந்த மாணவர் மதிப்பெண் இழக்கிறார். அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள். மாணவர்கள் ஏட்டுத் தமிழில் உரையாடப் பழகுவார்கள். பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது, ஆனால் பாடம் முழுவதும் மாறியிருக்கும். இதைத் தடுக்க ஒரே வழி, பேச்சுக்கு எந்த நடை, எழுத்துக்கு எந்த நடை என்பதை மதிப்பெண் விதியிலேயே எழுதி வைப்பதும், இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவதும்தான். இருவர் மதிப்பெண்ணும் வெகுவாக விலகினால், பெரும்பாலும் நோக்கமே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

பேச்சைச் சோதிப்பது செலவு பிடிக்கும் வேலை, அதனால்தான் அது பல பெரிய தேர்வுகளில் விடுபட்டுப் போகிறது. 1964இல் தொடங்கிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு, 2005இல் வந்த இணையவழி வடிவத்தில்தான் பேச்சைக் கட்டாயப் பகுதியாக்கியது. உலகம் முழுவதும் எழுதப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது, எழுதிக்காட்டும் பகுதியும் கிடையாது. இப்படி ஒரு தேர்வை இலக்காக வைத்துப் பாடத்திட்டம் அமைப்பவர்கள், அது கேட்காததைத் தாங்களே கேட்கும் ஒரு உள்தேர்வை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு வகுப்பு அட்டவணையில் இருக்கும், நடக்காது.

ஐரோப்பிய கவுன்சில் மொழிக்கல்விக்காக 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் கற்பவரால் என்ன செய்ய முடியும் என்று விவரித்தது. நோக்கமும் தேர்வும் ஒரே மொழியில் பேச அது ஒரு வழி கொடுத்தது. 2020இல் வந்த விரிவாக்கப் பதிப்பு, தாய்மொழியாளரை அளவுகோலாக வைக்கும் சொற்களை நீக்கியது. நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சட்டகம் ஒரு தேர்வு இல்லை. அட்டையில் 'பி1' என்று அச்சிட்டதால் புத்தகமும் அதன் தேர்வும் பி1 ஆகிவிடாது. மாணவர் செய்து காட்டிய வேலைகளை அந்த விவரிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்து வளரறி மதிப்பீட்டின் பலனை எடுத்துக்காட்டினார்கள். பாடம் நடக்கும்போதே சின்னச் சின்னதாகச் சோதித்து, தெரிந்ததைக் கொண்டு அடுத்த வகுப்பை மாற்றுவது. மாற்ற இடம் இருந்தால்தான் இது நடக்கும். ஒவ்வொரு வாரத்துக்கும் பாடம் இறுகக் கட்டப்பட்டிருந்தால், வகுப்புக்குப் புரியவில்லை என்று தெரிந்தும் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே பாடத்திட்டம் எழுதும்போதே நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை எதையும் போடாத நாட்கள் சிலவற்றை விட்டு வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய நிறுவனமும் புள்ளியியல் நிபுணரும் வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. 20 மாணவர் கொண்ட ஒரு வகுப்பை நடத்தும் தனி ஆசிரியரும் செய்யலாம். நோக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி இரண்டு வேலைகளை எழுதிக்கொண்டு அவற்றைத் தாள் 'அ', தாள் 'ஆ' என்று பிரிக்க வேண்டும். தொடக்கத்தில் 10 பேருக்கு 'அ', 10 பேருக்கு 'ஆ'. முடிவில் தாள்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் யாரும் ஒரே வினாவை இரண்டு முறை பார்க்க மாட்டார்கள், ஒரு தாள் மற்றதைவிடக் கடினமாக இருந்தாலும் அது இரண்டு பக்கமும் சமமாகப் பரவிவிடும். பிறகு ஒரு தாளில் நோக்கங்களை வரிசையாக எழுதி, எதிரே முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர் என்று இரண்டு எண்கள். அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச உட்காரும்போது மேசையில் முதலில் வைக்க வேண்டியது அந்தத் தாள், அதற்குப் பக்கத்தில் எண் உயராத நோக்கத்தில் தவறு செய்த மாணவர்களின் விடைகள்.